கூட்டமைப்பை விட்டு விலகிய பின் வணிக ஒப்பந்தம்: பிரெக்ஸிட்டை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது (இதைத்தான் பிரெக்ஸிட் என்கிறார்கள்) 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு. விலகலின் அரசியல் பலருக்கும் தெரிந்ததுதான். விலகிய பிறகு வணிகத்தை எப்படிப் பேசி முடித்தார்கள், எதைக் கொடுத்து எதை வாங்கினார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. ஏற்றுமதித் துறையில் இருப்பவர்களும் பொருளாதாரம் படிப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

விலகுவதற்கு முன் பிரிட்டனுக்கு என்னதான் இருந்தது?

இரண்டு ஏற்பாடுகள். முதலாவது சுங்க ஒன்றியம். உறுப்பு நாடுகளுக்குள் சுங்கவரி கிடையாது. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லா நாடுகளிலும் ஒரே வரி. நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கிய சீனப் பொம்மைக்கு அங்கே வரி கட்டிவிட்டால் மான்செஸ்டர் கடை வரை அதை யாரும் மறிக்க மாட்டார்கள்.

இரண்டாவது ஒற்றைச் சந்தை. பொம்மையின் பாதுகாப்புத் தரம், இறைச்சிக் கூடத்தின் சுகாதாரம், மருந்துக்கான அனுமதி எல்லாவற்றுக்கும் பொது விதி. சரக்கும் சேவையும் மூலதனமும் ஆட்களும் தடையில்லாமல் போய்வரலாம்.

சுங்கவரியை ஒரு ஒப்பந்தம் போட்டு ஒரே நாளில் பூஜ்யமாக்கிவிட முடியும். ஒற்றைச் சந்தையை அப்படி எழுதி வாங்க முடியாது. பொது விதி, அதைக் கண்காணிக்கப் பொது அமைப்பு, தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்லப் பொது நீதிமன்றம் என்ற மூன்றும் இருந்ததால்தான் எல்லையில் சோதனையே இல்லாமல் போனது. பிரிட்டன் வெளியேற விரும்பியது சரியாக இந்த மூன்றிலிருந்துதான். அதே சமயம் எல்லையில் சோதனையும் வேண்டாம் என்றது. அடுத்து வந்த தகராறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இந்த முரண்தான்.

வாக்கெடுப்பு 2016-இல் முடிந்தது. புதிய ஏற்பாடு 2021-இல்தான் வந்தது. ஏன் இத்தனை தாமதம்?

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 சதவீதத்தினர் விலகச் சொன்னார்கள். எப்படி விலகுவது என்ற கேள்வி வாக்குச்சீட்டில் இல்லை. அப்போதைய பிரதமர் தெரசா மே 2017 மார்ச் 29 அன்று, ஒன்றிய உடன்படிக்கையில் விலகலுக்கான ஐம்பதாவது பிரிவின்படி முறையான அறிவிப்பைக் கொடுத்தார். அன்றிலிருந்து இரண்டு ஆண்டுக் கெடு.

பேசி முடிக்க வேண்டியவை இரண்டு ஒப்பந்தங்கள். ஒன்று விலகல் ஒப்பந்தம்: ஒன்றியத்துக்கு பிரிட்டன் தரவேண்டிய பாக்கிக் கணக்கைத் தீர்ப்பது, இரு பக்கத்திலும் குடியேறியவர்களின் உரிமை, அயர்லாந்து எல்லை. மற்றது எதிர்கால வணிக ஒப்பந்தம். இரண்டையும் சேர்த்தே பேசவேண்டும் என்றார் பிரிட்டனின் அமைச்சர் டேவிட் டேவிஸ். பாக்கியைத் தீர்த்துவிட்டு வா, பிறகு வியாபாரம் பேசலாம் என்றது பிரஸ்ஸல்ஸ், அதாவது ஒன்றியத்தின் தலைமையகம். இந்த வரிசை பற்றித்தான் அந்தக் கோடை முழுக்கச் சண்டை நடக்கும் என்று டேவிஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தார். 2017 ஜூன் 19, பேச்சு தொடங்கிய முதல் நாளிலேயே விட்டுக்கொடுத்தார்.

வெளியிலிருந்து பார்த்தால் இது நடைமுறை விவகாரம். என் கணிப்பில் பேச்சுவார்த்தையின் பாதி முடிவு அன்றே எழுதப்பட்டுவிட்டது. சுமார் 3,900 கோடி பவுண்டு என்று மதிப்பிடப்பட்ட கணக்குத் தீர்வுதான் பிரிட்டன் கையிலிருந்த பெரிய துருப்பு. வணிகம் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே அதை மேசையில் வைக்க வேண்டியதாயிற்று.

கெடு மூன்று முறை தள்ளிப்போனது. தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தத்தை 2019 ஜனவரி 15 அன்று நாடாளுமன்றம் 432-க்கு 202 என்று தோற்கடித்தது. அதன் பிறகு இன்னும் இரண்டு முறை தோற்றது. போரிஸ் ஜான்சன் பிரதமராக வந்து, திருத்தி, டிசம்பர் தேர்தலில் பெரும்பான்மை வாங்கி நிறைவேற்றினார்.

கெடு வைத்தால் இரு தரப்புக்கும் ஒரே நெருக்கடிதானே?

இல்லை. பேச்சு முறிந்தால் யாருக்கு அதிக அடி என்பதைப் பொறுத்தது அது. ஒன்றியத்தின் 27 நாடுகளில் சுமார் 45 கோடிப் பேர். பிரிட்டனில் 7 கோடிக்கும் குறைவு. பிரிட்டனின் ஏற்றுமதியில் 40 சதவீதத்துக்கு மேல் ஒன்றியத்துக்குத்தான் போகிறது. ஒன்றியத்தின் பக்கம் பிரிட்டனை அந்த அளவு சார்ந்த நாடு எதுவும் இல்லை; இருப்பதில் அதிகம் அடி படக்கூடியது அயர்லாந்து. அதனால்தான் அயர்லாந்தின் கவலையை ஒன்றியம் முழுவதும் தன் கவலையாக எடுத்துக்கொண்டது.

ஆள் பலத்திலும் இடைவெளி. 1973-இல் சேர்ந்ததிலிருந்து பிரிட்டனுக்காக வணிகம் பேசியது பிரஸ்ஸல்ஸ்தான். நாற்பதாண்டுகளுக்கு மேல் அந்த வேலையே செய்யாத அரசாங்கம் ஆள் தேடவேண்டியிருந்தது; 2017-இல் நியூசிலாந்துக்காரரான கிராஃபர்ட் ஃபால்கனரைத் தலைமை வணிகப் பேச்சு ஆலோசகராக அமர்த்தியது. எதிர்ப்பக்கம் ஒன்றியத்தின் தலைமைப் பேச்சாளர் மிஷேல் பார்னியே தொடக்கம் முதல் கடைசி வரை நாற்காலியில் இருந்தார். பிரிட்டன் பக்கம் பிரெக்ஸிட் அமைச்சர்கள் மட்டுமே டேவிஸ், டொமினிக் ராப், ஸ்டீபன் பார்க்லே என மூவர் மாறினார்கள். வணிக ஒப்பந்தத்தைப் பேசியது டேவிட் ஃப்ராஸ்ட்.

நார்வே மாதிரி, கனடா மாதிரி என்றெல்லாம் பேசினார்களே, அவை என்ன?

2017 டிசம்பரில் பார்னியே ஒரு படத்தைக் காட்டினார். படிக்கட்டு. மேலே உறுப்பு நாடு; ஒவ்வொரு படியிலும் ஒரு நாட்டின் கொடி; கீழே ஒப்பந்தமே இல்லாத நிலை. பிரிட்டன் வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு படி இறங்கவேண்டும்.

நார்வே ஒற்றைச் சந்தைக்குள் இருக்கிறது, உறுப்பு நாடு அல்ல. விதிகளை ஏற்கிறது, பணம் கட்டுகிறது, ஐரோப்பியர்கள் வந்து வேலை செய்யலாம். விதி எழுதும் அறையில் வாக்கு இல்லை. சுங்க ஒன்றியத்தில் இல்லாததால், சுவீடன் எல்லையில் ஸ்வினசுண்ட் பாலத்தருகே லாரிகள் நின்று காகிதம் காட்டித்தான் போகின்றன. சுமுகமான உறவு கொண்ட இரண்டு நாடுகளுக்கு நடுவிலேயே இந்த நிலை.

சுவிட்சர்லாந்து நூற்றுக்கு மேற்பட்ட தனித்தனி ஒப்பந்தங்களால் ஒன்றியத்தோடு தைக்கப்பட்ட நாடு. ஒன்றியத்துக்கே அது தலைவலி. இன்னொன்று வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

துருக்கி சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது, சந்தையில் இல்லை. ஒன்றியம் வேறொரு நாட்டுடன் ஒப்பந்தம் போட்டால் அந்த நாட்டுச் சரக்கு துருக்கிக்குள்ளும் வரியில்லாமல் நுழைய வழி கிடைக்கிறது. துருக்கிச் சரக்குக்கு அந்த நாடு பதிலுக்கு எதுவும் தரவேண்டியதில்லை. பேசும் மேசையில் துருக்கிக்கு நாற்காலியும் இல்லை.

கனடா சாதாரண வணிக ஒப்பந்தம் மட்டும் செய்துகொண்ட நாடு. மே போட்ட நிபந்தனைகளான ஆட்கள் தடையின்றி வரக்கூடாது, ஐரோப்பிய நீதிமன்றம் கூடாது, மற்ற நாடுகளோடு தனியாக ஒப்பந்தம் போடும் உரிமை வேண்டும் என்பவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் மிஞ்சுவது இந்தப் படிதான். 2021-இல் பிரிட்டன் வந்து நின்றதும் கிட்டத்தட்ட அங்கேயே. மூன்று ஆண்டுக் கூச்சலுக்குப் பிறகு, 2017-இல் காட்டிய படத்திலேயே இருந்த விடைக்கு.

ஒப்பந்தமே இல்லாமல் உலக வர்த்தக அமைப்பின் விதிகளில் இருந்திருக்கலாமே?

இருந்திருக்கலாம், உலகில் பல நாடுகள் அப்படித்தான் வியாபாரம் செய்கின்றன. ஆனால் பிரிட்டிஷ் காருக்கு ஐரோப்பாவில் 10 சதவீத வரி விழுந்திருக்கும். வேல்ஸ் மலைகளிலிருந்து போகும் ஆட்டிறைச்சிக்கு 40 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒப்பந்தம் இல்லாமல் ஒன்றியத்துக்கு மட்டும் வரியைத் தள்ளுபடி செய்ய முடியாது; ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பது அந்த அமைப்பின் அடிப்படை.

அங்கே தனி ஆளாக அமர்வதும் சும்மா நடக்கவில்லை. ஒன்றியம் மொத்தமாக அனுமதித்திருந்த குறைந்த வரி ஒதுக்கீடுகளை, உதாரணமாக நியூசிலாந்து ஆட்டிறைச்சிக்கானதை, இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று பிரிட்டனும் ஒன்றியமும் தீர்மானித்தன. அமெரிக்கா, நியூசிலாந்து, பிரேசில் உட்பட ஏழு நாடுகள் 2017-இல் எதிர்த்துக் கடிதம் எழுதின. அவர்கள் வாதம் நியாயமானது: பெரிய ஒதுக்கீடு ஒன்று இருந்தால் விலை எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே அனுப்பலாம். இரண்டாக வெட்டினால் அந்த வசதி போய்விடுகிறது. இருவர் பிரியும்போது மூன்றாமவரிடமும் பேசவேண்டும் என்பது லண்டனில் பலருக்கு அப்போதுதான் உறைத்தது.

அயர்லாந்து எல்லை ஏன் அவ்வளவு பெரிய பிரச்சினையானது?

வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. தெற்கே இருக்கும் அயர்லாந்துக் குடியரசு ஒன்றியத்தின் உறுப்பு நாடு. நடுவே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. அதைக் கடக்கும் சாலைகள் 200-க்கு மேல். சில பண்ணைகளின் நடுவிலேயே எல்லைக்கோடு ஓடுகிறது. முப்பது ஆண்டு மோதலில் 3,500 பேருக்கு மேல் இறந்த மண் அது. ராணுவக் காவல்சாவடிகள் நின்ற அந்த எல்லை, 1998-ஆம் ஆண்டின் புனித வெள்ளி உடன்படிக்கைக்குப் பிறகு கண்ணுக்கே தெரியாமல் போனது. இரு பக்கமும் ஒரே சந்தையில் இருந்ததால் சுங்கச் சாவடியும் தேவைப்படவில்லை.

பிரிட்டன் சந்தையை விட்டு வெளியேறினால் ஒன்றியத்தின் வெளி எல்லை அந்தப் பண்ணைகளின் நடுவே வந்துவிடும். எங்காவது சோதித்தாக வேண்டும். மூன்றே வழிகள்தான்: அந்தத் தரை எல்லையில் சோதிப்பது, வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்றப் பகுதிக்கும் இடையிலான கடலில் சோதிப்பது, அல்லது பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்தின் விதிகளோடு ஒட்டி இருந்து சோதனையையே தவிர்ப்பது.

முதல் வழி சமாதானத்தைக் கெடுக்கும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தெரசா மே மூன்றாவது வழியை நோக்கிப் போனார். வேறு தீர்வு கிடைக்கும் வரை முழு பிரிட்டனும் ஒன்றியத்தோடு ஒரே சுங்கப் பகுதியாக இருக்கும் என்பதே 'பேக்ஸ்டாப்' என்று பேசப்பட்ட அந்த ஏற்பாடு. தன் சொந்தக் கட்சியே அவரைத் தோற்கடித்தது இதற்காகத்தான். ஜான்சன் இரண்டாவது வழியை எடுத்தார். பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவில் சுங்கச் சோதனை வைக்கும் எந்த ஏற்பாட்டையும் ஒரு கன்சர்வேட்டிவ் அரசு ஏற்க முடியாது என்று 2018 நவம்பரில் வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்டில், பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க விரும்பும் ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சியின் மாநாட்டில் முழங்கியவரும் அவரே. அடுத்த அக்டோபரில் அதையே ஏற்றுக்கொண்டார்.

விளைவு விசித்திரமானது. வட அயர்லாந்து பிரிட்டனின் சுங்கப் பகுதி. ஆனால் சரக்கு விஷயத்தில் ஒன்றியத்தின் விதிகளே செல்லும். இங்கிலாந்தின் விதை உருளைக்கிழங்கு சொந்த நாட்டின் இன்னொரு பகுதிக்குப் போகவே தடை வந்தது; தொத்திறைச்சிக்கு வரவிருந்த தடை தள்ளிவைக்கப்பட்டது. கோபித்துக்கொண்ட யூனியனிஸ்ட் கட்சி 2022 பிப்ரவரியில் எதிரணியோடு சேர்ந்து நடத்திய கூட்டு அரசை விட்டு விலக, பெல்ஃபாஸ்ட் அரசு இரண்டு ஆண்டுகள் முடங்கியது.

நடுவில் இரு தரப்பும் நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்டன. 2020 செப்டம்பரில் தான் கையெழுத்திட்ட விலகல் ஒப்பந்தத்தையே மீறும் மசோதாவை ஜான்சன் அரசு கொண்டுவந்தது. அது சர்வதேசச் சட்டத்தைக் குறிப்பிட்ட, வரையறுக்கப்பட்ட வகையில் மீறுவதுதான் என்று அமைச்சரே அவையில் ஒப்புக்கொண்டார். 2021 ஜனவரி 29 அன்று ஒன்றியம், தடுப்பூசி ஏற்றுமதிக் குழப்பத்தில், அயர்லாந்து எல்லைக்கான அவசரப் பிரிவைப் பயன்படுத்தப் போவதாக அறிவித்துச் சில மணி நேரத்தில் பின்வாங்கியது.

2023 பிப்ரவரி 27 அன்று அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் ரிஷி சுனக்கும் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லெயனும் வின்ட்ஸரில் ஒரு திருத்தத்துக்கு வந்தார்கள். வட அயர்லாந்திலேயே விற்கப்படும் சரக்குக்குப் பச்சை வழி, தெற்கே போகக்கூடியதற்குச் சிவப்பு வழி. பச்சை வழியில் போகும் பல உணவுப் பொருள்களில் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்ற லேபிள் ஒட்டவேண்டும். கடல் எல்லை போகவில்லை; சகிக்கக்கூடியதாக ஆகியிருக்கிறது.

மீன்பிடி பிரிட்டன் பொருளாதாரத்தில் மிகச் சிறியது. அதற்காகவா கடைசி நாள் வரை சண்டை?

ஆமாம். பொருளாதாரத்தில் சுமார் 0.1 சதவீதம்தான். ஆனால் பிரிட்டனிடம் ஒன்றியம் கெஞ்சிக் கேட்கவேண்டியிருந்த ஒரே பொருள் அதுதான். பிரெஞ்சு, டச்சு, டேனிஷ் படகுகள் பிடிக்கும் மீனில் கணிசமான பங்கு பிரிட்டிஷ் கடலில் இருந்தது. கடைசியில் பிரிட்டிஷ் கடலில் ஒன்றியப் படகுகள் பிடிக்கும் மீனின் மதிப்பில் 25 சதவீதம் ஐந்தரை ஆண்டுகளில் பிரிட்டனுக்கு மாறும் என்று முடிந்தது. மீனவர்கள் ஏமாற்றம் என்றார்கள். பிடித்த மீனை விற்கும் சந்தையும் ஐரோப்பாதான் என்பதால் அதற்கு மேல் இழுக்க முடியவில்லை.

மீனுக்காகவே விலகிய முன்னோடி ஒன்று உண்டு. டென்மார்க்கோடு சேர்ந்து 1973-இல் உள்ளே போன கிரீன்லாந்து, தன்னாட்சி கிடைத்த பின் 1982-இல் வாக்கெடுப்பு நடத்தி 1985 பிப்ரவரி 1-இல் வெளியேறியது. தன் மீனுக்கு ஐரோப்பாவில் வரி விலக்கு. பதிலுக்கு ஐரோப்பியப் படகுகளுக்கு மீன்பிடி உரிமை, அதற்குப் பணம். சுமார் 50,000 பேர் கொண்ட, பேசுவதற்கு ஏறத்தாழ ஒரே பொருள் இருந்த இடத்துக்கே வாக்கெடுப்பிலிருந்து வெளியேற்றம் வரை மூன்று ஆண்டுகள் பிடித்தன. பிரிட்டன் இதைக் கவனித்திருக்கலாம்.

2020 டிசம்பரில் போட்டது வரியில்லா ஒப்பந்தம்தானே? பிறகு ஏன் புலம்பல்?

2020 டிசம்பர் 24 அன்று முடிந்த வணிக ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் சுங்கவரியும் இல்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை. 1,200 பக்கங்களைத் தாண்டிய ஆவணத்தை டிசம்பர் 30 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரே நாளில் நிறைவேற்றியது. கீழவையில் 521-க்கு 73. அவசரத்துக்கு ஒரு சான்று: காவல்துறைத் தகவல் பரிமாற்றம் பற்றிய இணைப்பில் 'நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டர் 4' ஒரு நவீன மென்பொருளாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. பழைய ஆவணத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது.

புலம்பலுக்குக் காரணம், வரி பூஜ்யம் என்பது நிபந்தனையோடு வருகிறது. பொருள் பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ போதுமான அளவு உருவாகியிருக்க வேண்டும். ஏற்றுமதியாளர்கள் 'ரூல்ஸ் ஆஃப் ஆரிஜின்' என்று சொல்லும் இந்த விதிதான் முதல் வாரத்திலேயே கடித்தது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் விற்கும் 'பெர்சி பிக்' மிட்டாய் ஜெர்மனியில் தயாராகிறது. அது பிரிட்டனுக்கு வந்து, எந்த வேலையும் செய்யப்படாமல் திரும்ப அயர்லாந்துக் கடைக்குப் போனால் வரி உண்டு. ஒன்றியத்தில் பிறந்து, ஒன்றியத்துக்கே போகும் மிட்டாய்க்கு!

கார்களில் இது கோடிக்கணக்கான விவகாரம். மின்கார்களின் பேட்டரி ஆசியாவிலிருந்து வருவதால், 2024 ஜனவரியில் விதி இறுகும்போது 10 சதவீத வரி விழும் நிலை இருந்தது. அடி இரு பக்கக் கார் ஆலைகளுக்கும் என்பதால் 2026 இறுதி வரை தள்ளிவைத்தார்கள்.

அடுத்தது உணவு. இறைச்சி, பால், மீன் எதை அனுப்பினாலும் கால்நடை மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். வேல்ஸின் மெனாய் நீரிணையில் வளரும் சிப்பியை உயிரோடு நெதர்லாந்துக்கு அனுப்பி, அங்கே சுத்திகரித்து விற்பது பல ஆண்டு வியாபாரம். சுத்திகரிக்காத சிப்பியை வெளிநாட்டிலிருந்து ஒன்றியம் ஏற்காது. இது புதிய விதியும் அல்ல, பழிவாங்கலும் அல்ல. ஏற்கெனவே வெளிநாடுகளுக்கு இருந்த விதி. பிரிட்டன் இப்போது வெளிநாடு. டச்சுத் துறைமுகத்தில் லாரி ஓட்டுநரின் ஹாம் சாண்ட்விச்சைச் சுங்க அதிகாரி பறிமுதல் செய்த காட்சி 2021 ஜனவரியில் உலகம் முழுக்கச் சிரிப்பாகப் பரவியது. விதி அதேதான்.

பெரிய நிறுவனம் தனியாக ஒரு சுங்கப் பிரிவை வைத்துக்கொள்ளும். மாதம் நான்கு பெட்டி பாலாடைக்கட்டி அனுப்பும் பண்ணைக்காரருக்குச் சான்றிதழ் செலவே லாபத்தைத் தின்றுவிடும். அடி விழுந்தது அங்கேதான்.

சேவைத்துறை?

பிரிட்டன் பொருளாதாரத்தில் சுமார் 80 சதவீதம் சேவை. ஒப்பந்தத்தில் அதற்குக் கிடைத்தது மிகக் குறைவு. லண்டன் வங்கி ஒரே உரிமத்தில் ஐரோப்பா முழுக்க வியாபாரம் செய்யும் வசதி போனது. 2021 ஜனவரியில் பங்கு வர்த்தக அளவில் ஆம்ஸ்டர்டாம் லண்டனை முந்தியது. கட்டடக் கலைஞரின் பட்டம் தானாகச் செல்லாது. இசைக்குழுவின் லாரி ஒன்றியத்துக்குள் ஓரிரு நிறுத்தங்களுக்கு மேல் சரக்கு இறக்கி ஏற்ற முடியாது. 0.1 சதவீத மீனுக்குக் கடைசி இரவு வரை போராடிய அரசு 80 சதவீதத்துக்கு எத்தனை நேரம் செலவிட்டது என்ற கேள்வி லண்டன் நிதி வட்டாரத்தில் இன்றும் கசப்போடு எழுகிறது.

பிரிட்டன் தன் பக்கம் சோதனை வைத்ததா?

ஒன்றியம் 2021 ஜனவரி 1 முதலே சோதித்தது. பிரிட்டன் ஐந்து முறை தள்ளிப்போட்டு, உணவுக்கான நேரடிச் சோதனையை 2024 ஏப்ரல் 30-இல்தான் தொடங்கியது. எல்லைக்கான மொத்த அரசுச் செலவு குறைந்தது 470 கோடி பவுண்டு என்று அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு சொன்னது. கட்டிய சோதனைச் சாவடிகளில் சில, வேலை இல்லாமல் நிற்கின்றன.

மற்ற நாடுகளோடு தனியாகப் பேசும் உரிமை கிடைத்ததே, அதில் என்ன வந்தது?

முதல் வேலை, ஒன்றியம் வழியாக ஏற்கெனவே இருந்த ஒப்பந்தங்களைப் பெயர் மாற்றிப் புதுப்பித்துக்கொள்வது. சுவிட்சர்லாந்து, தென் கொரியா, கனடா, துருக்கி எல்லாம் அப்படி வந்தவை. ஜப்பானோடு 2020 அக்டோபரில் கையெழுத்தானது சற்றே விரிவானது.

உண்மையிலேயே புதியவை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஒப்பந்தங்கள். இரண்டும் 2023 மே 31-இல் அமலுக்கு வந்தன. ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தால் 2035 வாக்கில் பொருளாதாரம் 0.08 சதவீதம் கூடும் என்பது அரசின் சொந்த மதிப்பீடு. ஒப்பந்தம் நடந்தபோது வேளாண் அமைச்சராக இருந்த ஜார்ஜ் யூஸ்டிஸ், பதவி போன பின் 2022 நவம்பரில், அது பிரிட்டனுக்கு அப்படியொன்றும் நல்ல ஒப்பந்தம் அல்ல என்று அவையிலேயே சொன்னார். மாட்டிறைச்சிச் சந்தையைத் திறந்துவிட்டதற்கு ஈடாகப் போதுமானது வரவில்லை என்பது அவர் குறை. ஜி-7 உச்சி மாநாட்டுக்கு முன் முடித்தாக வேண்டும் என்று தேதி குறித்துக்கொண்டு பேசியதன் விலை அது. பசிபிக் நாடுகளின் கூட்டு ஒப்பந்தத்திலும் 2024 டிசம்பர் 15 முதல் பிரிட்டன் இருக்கிறது.

அமெரிக்காவோடு?

முழு ஒப்பந்தம் வரவில்லை. பிரிட்டன் அனுமதிக்காத, குளோரினில் கழுவிய அமெரிக்கக் கோழி இறைச்சி ஒரு பக்கம், விலகினால் பிரிட்டன் வணிகப் பேச்சில் 'வரிசையில் கடைசி' என்று ஒபாமா 2016-இல் சொன்னது இன்னொரு பக்கம் என்று ஆண்டுகள் ஓடின. டிரம்பின் வரி உயர்வுக்குப் பிறகு 2025 மே 8-இல் குறுகிய ஏற்பாடு ஒன்று வந்தது: ஆண்டுக்கு 1,00,000 கார்களுக்கு 10 சதவீத வரி. 2025-இல் பொதுவான சரக்குக்கு பிரிட்டனுக்கு 10 சதவீதம், ஒன்றியத்துக்கு 15 சதவீதம் என்று அமைந்தது; வெளியே இருந்ததால் கிடைத்த அனுகூலம் என்று விலகல் ஆதரவாளர்கள் காட்டும் வலுவான உதாரணம் இதுதான், அதை மறுப்பதற்கில்லை.

இந்தியா–பிரிட்டன் ஒப்பந்தம் பிரெக்ஸிட்டின் பலனா?

ஒரு வகையில் ஆமாம். ஒன்றியத்தோடு இந்தியா 2007-இல் தொடங்கிய பேச்சு 2013-இல் நின்றுபோய் 2022-இல்தான் உயிர்பெற்றது. இடையில் தடையாக இருந்தவற்றில் காரும் மதுவும் முக்கியமானவை. தனியாக வந்த பிரிட்டனுக்கு 27 நாடுகளின் சம்மதம் தேவைப்படவில்லை.

ஆனால் இங்கேயும் தேதி குறித்த கதை உண்டு. 2022 தீபாவளிக்குள் முடிப்போம் என்றார் ஜான்சன். தீபாவளி வந்தது, ஜான்சன் பதவியில் இல்லை. கெடு யாருக்கு அரசியல் தேவையோ அவரே அதிகம் விட்டுக்கொடுப்பார் என்பது டெல்லிக்குத் தெரியும், அவசரப்படவில்லை. பேச்சு 2025 மே 6-இல் முடிந்து, ஜூலை 24-இல் பிரதமர்கள் மோதி, ஸ்டார்மர் இருவர் முன்னிலையில் கையெழுத்தானது. ஸ்காட்ச் விஸ்கி மீதான 150 சதவீத வரி முதலில் 75 ஆகவும் பத்து ஆண்டுகளில் 40 ஆகவும் குறையும். இந்தியப் பொருள்களில் 99 சதவீத இனங்களுக்கு பிரிட்டன் வரியை நீக்குகிறது. தற்காலிகமாக அனுப்பப்படும் ஊழியர்களுக்கு மூன்று ஆண்டு வரை இரட்டைச் சமூகப் பாதுகாப்புக் கட்டணம் இல்லை.

திருப்பூருக்கு இது நேரடி விஷயம். பிரிட்டனில் இந்திய ஆடைகளுக்கு 12 சதவீதம் வரை வரி இருந்தபோது வங்கதேச ஆடை வரியில்லாமல் நுழைந்தது. ஒரு சட்டைக்குச் சில பென்ஸ் வித்தியாசத்தில் ஆர்டர் கைமாறும் தொழிலில் அது பெரிய இடைவெளி. ஆம்பூர், வாணியம்பாடி காலணிக்கு 16 சதவீதம் வரை இருந்த வரியும் நீக்கப்படும் பட்டியலில் உள்ளது.

இலங்கைக்கு?

இலங்கை ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. வளரும் நாடுகளுக்கான சலுகையில் இருக்கிறது. ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையை முதலில் அப்படியே நகலெடுத்த பிரிட்டன், 2023 ஜூனில் தன் சொந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இலங்கை ஆடைத் தொழிலின் பழைய குறை, துணி எங்கிருந்து வந்தது என்ற விதி. அதைத் தளர்த்துவதாக பிரிட்டன் 2025 ஜூலையில் அறிவித்தது. எந்த நாட்டுத் துணியில் தைத்தாலும் வரிச் சலுகை செல்லும். அமெரிக்காவுக்கு அடுத்து இலங்கை ஆடைக்கு பிரிட்டன்தான் பெரிய தனிச் சந்தை என்பதால், இது அங்கே பெரிய செய்தி.

மொத்தத்தில் லாபமா, நட்டமா?

பிரிட்டனின் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம், விலகலால் நீண்டகால உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறையும் என்ற கணிப்பில் நிற்கிறது. இந்திய ஒப்பந்தத்தால் கூடுவது சுமார் 0.1 சதவீதம் என்று அந்நாட்டு அரசே சொல்கிறது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பணத்தை விடத் தன்னாட்சி முக்கியம் என்று வாக்களித்தவரிடம் இந்தக் கணக்கைக் காட்டி வாதம் ஜெயிக்க முடியாது. அவர் வேறு கேள்விக்கு விடை சொன்னவர். ஆனால் செலவே ஆகாது என்று அவரிடம் சொன்ன தலைவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

மறுபடி நெருங்குகிறார்களா?

2025 மே 19 உச்சி மாநாட்டில் உணவு, கால்நடைச் சோதனைகளைப் பெருமளவு நீக்கும் ஒப்பந்தத்துக்கு இரு தரப்பும் இசைந்தன. நிபந்தனை: அந்தத் துறையில் ஒன்றியத்தின் விதிகள் மாறும்போதெல்லாம் பிரிட்டனும் மாற்றிக்கொள்ள வேண்டும், விதிக்கு விளக்கம் சொல்லும் கடைசி அதிகாரம் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு. 2017-இல் தெரசா மே கூடாது என்று சொன்ன அதே நீதிமன்றம். அன்றே ஐரோப்பியப் படகுகளுக்கான மீன்பிடி அனுமதி 2038 ஜூன் வரை நீட்டிக்கப்பட்டது.

பிரிட்டனுக்குச் சரக்கு அனுப்பும் சிறு ஏற்றுமதியாளர் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒப்பந்தம் கையெழுத்தான தேதியையும் அமலுக்கு வரும் தேதியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வரிச் சலுகை இரண்டாவதிலிருந்துதான். உங்கள் பொருளின் எட்டு இலக்கச் சுங்க வகைப்பாட்டு எண்ணுக்குரிய பிறப்பிட விதியை கிளியரிங் ஏஜென்டிடம் ஆர்டர் எடுப்பதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நூலோ பித்தானோ எங்கிருந்து வாங்கினீர்கள் என்ற பில் கையில் இருக்கட்டும். வாங்குபவர் பெல்ஃபாஸ்டில் இருந்தால் அந்தச் சரக்கு வட அயர்லாந்திலேயே நிற்குமா, தெற்கே போகுமா என்று எழுத்தில் வாங்குங்கள். வாங்குபவர் டப்ளினில் இருந்து, கப்பல் மட்டும் இங்கிலாந்துத் துறைமுகம் வழியாகப் போவதானால், சரக்கை அங்கே இறக்குமதியாகப் பதியாமல் வழிப்போக்குச் சரக்காக, அதற்குரிய டிரான்ஸிட் ஆவணத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இங்கிலாந்தில் ஒரு முறை, அயர்லாந்தில் ஒரு முறை என இரண்டு இடத்தில் வரி கட்ட நேரும்.